கூரையில் பனி இல்லாத லாரி

அன்பு மகள் சினாட்சுவுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முழுக்க அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா? இங்கே ஹச்சினோஹேயில் பனி அதிகம். டிரைவர்களுக்கு ஓய்வு கொடுக்கவில்லை என்று அதிகாரிகள் வந்து எங்கள் கம்பெனி லாரிகள் இரண்டின் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு போனார்களே, அதன் பிறகு பாதுகாப்புக்கென்று குவாபாரா என்பவரைப் போட்டார்கள். அவர் வந்தபின் ஒரு விதிமீறல்கூட இல்லை. சிரித்துச் சிரித்துப் பேசுகிற ஆள், என்னவோ தில்லுமுல்லு செய்கிறார் என்று அவருக்கு மட்டும் ஆறின தேநீரே கொடுத்துவந்தேன்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே, டிரைவரைக் குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லி, முகத்தைப் பார்த்து, தூங்கினாயா என்று கேட்டுத்தான் சாவி கொடுப்பேன். வியாழன் காலை உன் தம்பி ரியோஹேய் டோக்கியோவுக்கு மீன் ஏற்றிப் போக வந்து நின்றான். "நேத்து சாயங்காலமே வந்துட்டேன், நல்லா தூங்கினேம்மா" என்றான். கண் சிவந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் மற்ற லாரிக் கூரைகளிலெல்லாம் ராத்திரி பெய்த பனி குவிந்து கிடக்கிறது, இவன் லாரி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி. கேட்டதும், "ராத்திரி வேற ஆள் ஓட்டிட்டு வந்தாரு" என்று மாற்றினான். ஆளுக்கொரு அட்டை உண்டு, அதை லாரியிலுள்ள கருவியில் போட்டால்தான் யார் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று பதியும். குவாபாரா மூடி மறைப்பார் என்று நினைத்தேன், அவரோ அட்டையை உருவி என் கையில் வைத்தார். அதில் உன் அப்பா பெயர்! கண் ஆபரேஷனுக்குப் பிறகு லாரி ஓட்டுவதை விட்டு, டிவி ரிமோட்டையே தடவித் தேடுகிறவர், அன்று இரவு முழுக்க என் பக்கத்தில் குறட்டை விட்டவர். போன் போட்டால், "பையன் கேட்டான், குடுத்தேன், இதுக்குப் போயி கத்துறியே" என்கிறார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் வீட்டில் இருப்பவர்களைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டேன். "சாவி குடுக்கிறது உங்க பொறுப்பு அக்கா" என்றார் குவாபாரா. சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். மீன் போகவில்லை, முதலாளி கத்தினார். "பெத்த பிள்ளையவே நம்பாத அம்மா நீ ஒருத்திதான்" என்று ரியோஹேய் கதவை அறைந்துவிட்டுப் போனான். வேலை போனால் போகட்டும், எனக்கு அவன் உயிரோடு வேண்டும்.

உன்னிடம் போனில் புலம்புவான், அவன் பக்கம் பேசாதே. குவாபாராவுக்கு இப்போது சூடான தேநீர்தான், ஆனாலும் அந்தச் சிரிப்பின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன். நீயும் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நீயே கார் ஓட்டிப் போகிறாய். கேட்டால், "நல்லா தூங்கினேம்மா" என்கிறாய். உன் தம்பியும் இதே குரலில்தான் சொன்னான். இனி காரை எடுக்குமுன் வீடியோவில் வா, முகத்தைப் பார்த்துத்தான் போகச் சொல்வேன்.

இருவரும் நெடுங்காலம் நன்றாயிருக்க என் ஆசிகள். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

இப்படிக்கு,
யாரையும் நம்பாத உன் அம்மா,
நோபுகோ