நான் மடித்த வரி

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து காற்று. மேகம் வருகிறது, நின்று பார்க்கிறது, அரூர் பக்கம் போய்விடுகிறது. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. அவர் ஏழரைக்கே கம்பைநல்லூர் கிளம்பிவிட்டார். இந்த வருடமும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு.

இந்த வாரம்:
– 41 பேட்ச். பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து. சனிக்கிழமைக்குள் பெ.வுக்குப் போக வேண்டும். ஞாயிறோடு வாங்குவதை நிறுத்திவிடுவார். விட்டால் இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல்.
– வாட்டர் கேன்.
– மாதேஷுக்குச் சொல்ல: உன்னுடையது உள்ளே.
– தைக்கக் கொடுத்த ஜாக்கெட். மூன்றாவது முறை.

நேற்று கல்யாணத்தில் அவருடைய சித்தி பிடித்துக்கொண்டார். "வூட்லயே உக்காந்து என்னதான் பண்ற மதி?" ஊர் ஊராக, நாடு நாடாக இருக்கிறவர்கள் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நிரல் துண்டுகள் (பேட்ச் என்பது இதுதான்) எழுதி மெயிலில் அனுப்புகிறார்கள், அதில் பேட்டரி சம்பந்தப்பட்டது எல்லாம் என்னிடம் வரும், படிப்பேன், திருத்தச் சொல்வேன், சரியானதை மட்டும் சேர்த்து உச்சியில் இருக்கும் ஒரு பெரியவருக்கு (பெ.தான்) அனுப்புவேன் என்றேன். "அப்ப போஸ்ட் ஆபீஸ்னு சொல்லு" என்றார். சம்பளம் தரும் கம்பெனிக்காரர்கள்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

மாதேஷுக்குப் போன் பண்ணினேன். அரூரில் லேப்டாப் ரிப்பேர் கடை. வயது முப்பத்து நாலு, இரண்டு பிள்ளைகள். பழைய லேப்டாப்பில் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று ஒழுங்காகக் காட்டும் பேட்ச். நாலு தடவை திருப்பி அனுப்பினேன், நாலு தடவையும் மறுபேச்சு இல்லாமல் மாற்றி அனுப்பினான். அடுத்த செவ்வாய் பெங்களூரில் இன்டர்வியூ. ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலை ஒன்றையாவது காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காட்ட இது ஒன்றுதான் அவனிடம்.

"ரொம்ப சந்தோசங்க்கா" என்றான். எனக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டு மாமரத்தில்.

6.10. மெயில். யாரோ ஒரு பெண், எந்த நாடென்று தெரியவில்லை. சோதித்துப் பார்க்க நான் வெளியே வைத்திருக்கும் தொகுப்பை எடுத்துப் போட்டிருக்கிறார். சார்ஜரைப் பிடுங்கிய கொஞ்ச நேரத்தில் லேப்டாப் அணைந்துபோகிறதாம், பேட்டரி நிறைய இருக்கும்போதே. 41 பேட்சையும் பாதி பாதியாகக் கழித்துத் தேடி, இதுதான் என்று விரலை வைத்திருக்கிறார். மாதேஷுடையது.

திறந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மிச்சமிருப்பதை முழு அளவால் வகுத்து, அப்புறம் நூறால் பெருக்கியிருக்கிறது. தலைகீழ்.

சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே அவர் எட்டிப் பார்த்தார். "37-அ 50-ஆல வகுத்தா 0.74. நூறால பெருக்குனா 74. சரியாத்தான இருக்குது?"

"இங்க புள்ளிக்கு அப்புறம் வர்றத தூக்கிப் போட்ருவோங்க. 0.74ன்னா சைபர். இப்ப நூறால பெருக்குங்க."

"அடக் கஷ்டமே."

அதேதான். சைபர் என்றால் பேட்டரி காலி என்று நினைத்து மிஷின் தானே அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருந்தது, சேமிக்காதது எல்லாம் போச்சு. இது மட்டும் பெ.விடம் போயிருந்தால்.

7.30. கோபம் தலைக்கேறிவிட்டது. எல்லோருக்கும் மெயில் போகும் பொதுப் பட்டியலிலேயே பதில் போட்டேன்: "மாதேஷ், இது அடிப்படைப் பிழை. அனுப்பும் முன் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீர்களா?"

11.00. சவுண்ட்காரர் நுழைந்துவிட்டார். நான் பேட்டரி பார்ப்பதுபோல ஒலியைப் பார்ப்பவர். மூக்கு நீளம். "இப்படிப்பட்டவர்களின் வேலையை ஏன் இத்தனை அவசரமாகச் சேர்க்கிறீர்கள்?" இப்படிப்பட்டவர்கள் என்றால் எப்படிப்பட்டவர்கள்? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

4.40. மாதேஷ் பதில், பொதுவிலேயே. "என் தவறு. மன்னிக்கவும். இனி கவனமாக இருப்பேன்." அவ்வளவுதான். போன் இல்லை. கமா எங்கே போடுவது என்பதற்குக்கூடப் போன் பண்ணுகிறவன்.

ஜூன் 4, புதன்

புழுக்கம். தலைவலி. காபி மூன்று.

திருத்தம் எழுத உட்கார்ந்தேன். ஒரே வரி வேலை. திருத்தத்துக்குக் கீழே, பழைய பேட்ச் முதலில் வந்த மெயிலின் லிங்கைப் போடுவது வழக்கம். அந்த லிங்குக்காக மாதேஷின் மெயிலைத் தேடி எடுத்தேன்.

அதில் சரியாக இருக்கிறது.

முதலில் பெருக்கல், பிறகு வகுத்தல். ஒரே நீள வரி. மூன்று முறை படித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வாரம் முன்னால், சேர்க்கும்போது, வரி ரொம்ப நீளமாக இருக்கிறதே என்று இரண்டாக மடித்தேன். மேல் வரியில் வகுத்தல், கீழ் வரியில் பெருக்கல். பார்க்க அழகாக இருந்தது. நடுவில் சிலிண்டர் வந்தது, எழுந்து போனேன். என் லேப்டாப்பில் வேறு பேட்டரிச் சிப். அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சேர்க்கிறவர்கள் அங்கே இங்கே கை வைப்பது உண்டுதான். அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு எழுத்தை மாற்றினாலும் சதுர அடைப்புக்குள் நம் பெயரையும் மாற்றியது என்ன என்பதையும் எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு ஆறு வருடமாக இதைச் சொல்லிக் கொடுப்பதே நான். எழுதவில்லை. எழுதாததால் அந்த வரி அவன் பெயரில் நிற்கிறது. ஊரைக் கூட்டி அவனை நானே திட்டியும் ஆயிற்று.

திருத்தத்தின் விளக்கம், இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன்:

அ) வகுத்தல், பெருக்கல் வரிசை சரிசெய்யப்பட்டது.
ஆ) சேர்க்கும்போது நான் செய்த மாற்றத்தால் வந்த பிழை. பேட்ச் எழுதியவர் அனுப்பியது சரியாக இருந்தது.

அ-வில் பொய் இல்லை. யார் செய்தது என்று இல்லை, அவ்வளவுதான். மெயிலையும் தொகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மன்னிப்பு கேட்டாகிவிட்ட விஷயத்தை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்.

ஆ உள்ளே போனால் போனதுதான், யாராலும் அழிக்க முடியாது. போன தடவையே பேச்சு வந்தது, பேட்டரிக்கு இன்னொரு ஆளையும் போடலாமா என்று. சவுண்ட்காரர்தான் கிளப்பியது. "இந்தச் சுற்று எப்படிப் போகிறதென்று பார்ப்போம்" என்றார் பெ.

அவன் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். முதலில் வருவது நான் திட்டிய மெயில்.

இன்று எதுவும் அனுப்பவில்லை.

ஜூன் 5, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்பு, 9 முதல் 5 வரை கரண்ட் இல்லை. நல்ல சாக்கு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அரூர் பஸ். ஜன்னலோரம் ஒரு அம்மா பலாச்சுளை தின்றுகொண்டே வந்தார், எனக்கும் ஒன்று கொடுத்தார். கையிலேயே வைத்திருந்தேன்.

மாதேஷ் கடை. மேஜை முழுக்கத் திறந்து போட்ட லேப்டாப்.

"வாங்கக்கா! மொரப்பூர்ல கரண்ட் இல்லீங்களா?" ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பிளக் காட்டினான். டீ சொன்னான்.

பிரிண்டரோடு நின்றவர் போகும்வரை காத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அந்த வரி, மாதேஷ்."

"விடுங்கக்கா. அதான் மன்னிப்பு கேட்டாச்சுங்களே."

"நீ தப்பா அனுப்பலயே."

அவன் நிமிரவில்லை. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியில் போட்டான். இன்னொன்றைக் கழற்றினான்.

"தெரியுங்க்கா."

"எப்பலேர்ந்து?"

"செவ்வாக்கெழமையே. உங்க மெயில் வந்ததும் என்னோடத எடுத்து வெச்சுப் பாத்தனுங்க. நீங்க ரெண்டா மடிச்சிருந்தீங்க."

"அப்புறம் எதுக்கு மன்னிப்பு கேட்ட? ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

டீ வந்தது. கொண்டுவந்தவர் போனதும் ஸ்க்ரூ மூடியைத் தள்ளி வைத்தான்.

"இன்னும் ரெண்டு பேட்ச் உங்ககிட்ட கெடக்குதுங்க்கா. நீங்க எடுக்கலைன்னா வேற யாரு எடுப்பாங்க? உங்களப் பகைச்சுக்கிட்டு நான் எங்கீங்க போறது?"

சாதாரணமாகச் சொன்னான். குத்திக்காட்டவில்லை. மழை வருமா வராதா என்பதுபோலச் சொன்னான்.

அவனுக்கு அக்கா என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவளாகத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறேன். நாலு தடவை மறுபேச்சு இல்லாமல் மாற்றி அனுப்பியதற்குக் காரணம் இதுதானா? அதில் எத்தனை தடவை அவன் சரி, நான் தப்பு?

"இன்டர்வியூக்கு?"

"லிங்க் குடுத்துட்டனுங்க. தேடுனா உங்க மெயில்தான் மொதல்ல வரும். பாத்துக்கலாம் விடுங்க."

"நான் எல்லாத்தையும் எழுதிப் போட்டுடறேன்."

"வேணாங்க்கா" என்றான் சட்டென்று. "உங்களத் தூக்கிட்டா எனக்கு என்னங்க லாபம்? அந்த சவுண்டு ஆளு வந்தா என்னோடத தொறந்துகூடப் பாக்க மாட்டான்."

டீக்குக் காசு கொடுக்கவிடவில்லை. திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அவன்மேல்தான் கோபம் வந்தது. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் வந்தது.

ஜூன் 6, வெள்ளி

நாலு தூறல். மண் வாசனை மட்டும்.

காலையில் அவரிடம் எல்லாம் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டார். "அந்த கம்பெனிக்கு மட்டும் தனியா ஒரு லெட்டர் எழுதிக் குடு. மாதேஷ் நல்லா வேல செய்வாருன்னு. ஊரக் கூட்டி எதுக்கு?"

நல்ல யோசனை. இரண்டு மணி நேரம் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லெட்டரில் பாதி எழுதியும் விட்டேன். "பொறுப்பானவர், பொறுமையானவர்." பொறுமையானவர் என்ற இடத்தில் நின்றுவிட்டது.

திட்டும்போது ஊரைக் கூட்டித்தானே திட்டினேன்.

3.15. திருத்தம் போட்டேன், ஆ விளக்கத்தோடு. பொதுப் பட்டியலில் அந்த மெயிலுக்குக் கீழேயே பதிலும்: வரியை மாற்றியது நான், குறிப்பு எழுதாதது நான், பார்க்காமல் எழுதியவரைக் குற்றம் சொன்னதும் நான். மாதேஷ் மன்னிப்பு கேட்க ஒன்றும் இல்லை, நான்தான் கேட்க வேண்டும். கேட்கிறேன். ஆறு வரி. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு மாடிக்குப் போய் நின்றேன்.

5.00. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

6.20. பிழையைக் கண்டுபிடித்த பெண்: "இப்போது அணையவில்லை. நன்றி." நான் எழுதிய மற்ற எதையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாதேஷுக்குப் போன். எடுக்கவில்லை.

ஜூன் 7, சனி

10.05. பெ.வுக்கு அனுப்பியாயிற்று. 41 பேட்ச், ஒரு திருத்தம். உள்ளே இருப்பது என்ன என்று முதல் பத்தி, என் தவறு பற்றி இரண்டாம் பத்தி. பெரிதாகவும் எழுதவில்லை, ஒளிக்கவும் இல்லை.

12.00. பதில் இல்லை.
2.00. இல்லை. மாம்பழம் நறுக்கினேன், விரலையும்.
4.00. மற்றவர்கள் அனுப்பியதை எல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பின்னால் அனுப்பியவருடையதைக்கூட.
6.30. இல்லை.

"சாப்பிட்டுட்டுப் பாரேன்" என்றார் இவர். எரிந்து விழுந்தேன். பாவம்.

ஜூன் 8, ஞாயிறு

காலை 9.40. பெ. பதில், மூன்று வாக்கியம். "எடுத்துக்கொண்டேன். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. பேட்டரிக்கு இரண்டாவது ஆள் பற்றி இந்தச் சுற்று முடிந்ததும் பேசுவோம்."

முதல் வாக்கியத்தில் உட்கார்ந்தேன், மூன்றாவதில் எழுந்தேன்.

மாதேஷ் பெயர் உள்ளே இருக்கிறது. எழுதியவர் என்று ஒரு இடத்தில். அவன் அனுப்பியது சரி என்று திருத்தத்தில் இன்னொரு இடத்தில். இன்டர்வியூக்காரர்கள் தேடினால் இப்போது இரண்டும் வரும்.

லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

ஆறு வருடம். இந்தப் பொறுப்பு போனால் போகட்டும் என்று எழுத வேண்டும்தான். அப்படி இல்லை. போனால் அழுவேன்.

ஜூன் 9, திங்கள்

கடைசியில் மழை. ராத்திரி முழுக்க. கரண்ட் இருக்கிறது, அதிசயம்.

8.50. பட்டியலில் மாதேஷிடமிருந்து புதுப் பேட்ச். சார்ஜர் சம்பந்தப்பட்டது. நாளைக்கு இன்டர்வியூவை வைத்துக்கொண்டு இதை அனுப்பியிருக்கிறான். எனக்கு மட்டுமல்ல. சவுண்ட்காரருக்கும், அந்தப் பெண்ணுக்கும் நகல்.

படித்தேன். நன்றாக இருக்கிறது. கடைசியில், நிரலுக்கு வெளியே, ஒரு குறிப்பு: "மாற்றம் ஏதும் வேண்டுமென்றால் தயவுசெய்து தெரிவிக்கவும். நானே மாற்றி அனுப்புகிறேன். சேர்க்கும்போது மாற்ற வேண்டாம்."

எல்லோரும் பார்க்க. எனக்கு.

கோபம் வந்தது, ரொம்ப. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. துடைத்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

22ஆம் வரியில் ஒரு இடைவெளி கூடுதல். ஒரே ஒரு இடைவெளி. கை தானாகப் போய் அந்த இடத்தில் நின்றது.

கையை எடுத்துக்கொண்டேன். பதில் எழுதினேன்: "22ஆம் வரி, ஒரு இடைவெளி அதிகம். மற்றதெல்லாம் சரி. மாற்றி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்."