அக்கா, உன் மூக்கு சொன்ன தீர்ப்பு

அணைக்கட்டு ஊரிலிருந்து வந்து என் மானத்தைக் காத்த என் அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. காரியத்தன்று உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பேசியே பிழைத்தவன்தான். ஆனாலும் எனக்கு நா எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தோணியை நினைவிருக்கிறதா? இங்கே ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கில் வேலை செய்தவன், சிங்கார முதலியார் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தவன். அவன் மனைவி மேரிக்கு அப்போது எட்டாவது மாதம். "பச்சைத் தோலை வீட்டிலேயே வைத்துச் சுரண்டுகிறான், நாற்றம் தாங்கவில்லை, காலி செய்யட்டும்" என்பது முதலியார் வழக்கு. தோலையே கொண்டுவரவில்லை என்றான் அந்தோணி. கோர்ட்டுக்குப் போகாமல், என் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக இருவரும் வாக்குக் கொடுத்தார்கள்.

முறைப்படி இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். தோலும் இல்லை, எனக்கு நாற்றமும் தெரியவில்லை. ஆனால் பெரிய மனிதர் அடித்துச் சொல்கிறாரே, என் மூக்கில்தான் குறை என்று நினைத்துக்கொண்டேன். 'நாற்றம் மெய்; காலி செய்க' என்று எழுதியும் வைத்துவிட்டேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அதை இருவருக்கும் படித்துச் சொல்ல இருந்த அன்று காலை, நீ வண்டியை விட்டு இறங்கியதும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாய்.

"இன்னாடா ஊரு இது? எப்டிடா சோறு இறங்குது?"

"என்னக்கா நாறுது?" என்றேன்.

"சுத்தம்! உன் மூக்கு செத்தே போச்சுடா."

விஷயத்தைச் சொன்னேன். நீ சிரிப்பதை நிறுத்தினாய்.

"அந்த முதலியாரும் இதே ஊருதானே? அவருக்கு மட்டும் எப்டிடா நாறும்?"

எனக்கு ஏன் அது தோன்றவில்லை, அக்கா?

நேரே அவர் கூடத்துக்கே என்னை இழுத்துப் போனாய்.

"தப்பா நெனைக்காதீங்க அய்யா, இங்கயே குடலைப் புரட்டுது," என்றாய். பின்கட்டுக்கும் போனாய். மேரி கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்கயும் அதேதான். ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. பின்னால ஓடுது பாருங்க, கிடங்குக் கழிவு வர்ற கால்வாய்."

"வாத்தியாரே, மொதல்லயே உங்க அக்காவைத் தீர்ப்புக்கு உக்கார வெச்சிருக்கலாம்," என்றார் முதலியார். முகம் சிவந்திருந்தாலும் வாக்கு மாறவில்லை. எழுதியதைக் கிழித்தேன். மேரிக்கு அந்த வீட்டிலேயே பெண் பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

போன வாரம் இன்னொரு வீட்டுக்காரர் வந்தார். குடியிருப்பவர்கள் தோல் கழுவியே கிணறு கரிக்கிறதாம். குடித்துப் பார்த்தேன். "எனக்குக் கரிக்கவில்லை. ஆனால் இந்தத் தண்ணீரிலேயே வளர்ந்த நாக்கு இது, வெளியூர் ஆள் ஒருவர் குடித்துப் பார்க்கட்டும்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். திமிரியிலிருந்து ஆள் வரப்போகிறது. நீ இருந்திருந்தால் உன்னைத்தான் அழைத்திருப்பேன்.

இனி யாரையும் வீட்டை விட்டு இறங்கச் சொல்லி எழுதும் முன், எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று இரு தரப்பும் கேட்கச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பெரிய மனிதருக்குப் பயந்தவனானாலும், உன் கடைசித் தம்பி