சிரிப்பொலி இல்லாத அந்தக் காட்சி

அக்கா,

காலையில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைக் கொட்டப் போனேன். வெள்ளைத் தொட்டியில் அந்தச் சிவப்பு மெல்லப் பரவியதும் கை அப்படியே நின்றுவிட்டது. வாடிப்பட்டிப் பொட்டலில் நீங்கள் அண்டா நிறையக் காய்ச்சிய பீட்ரூட் ரத்தம் கண்ணில் வந்து நின்றது.

எண்பதுகளின் நடுவில், டீச்சர்களும் வாத்தியார்களுமாக நாம் நடத்திய நாடகக் குழுவுக்கு டிவி தொடர் எடுக்க ஒரு வாய்ப்பு வந்தது. போர்முனையில் ஒரு கூடார ஆஸ்பத்திரி. அதில் குறும்புக்கார டாக்டர்கள். எந்த நாடு, எந்தப் போர் என்று கதையில் கடைசிவரை சொல்லவில்லை. நான் நர்ஸாக நடித்தேன். நீங்கள் நடிக்க மாட்டேன் என்றுவிட்டு உடுப்பு, கட்டுத்துணி, ரத்தம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டீர்கள்.

விடிகாலையில் சிறுமலை பாதிதான் தெரியும். மீதியைப் பனி மூடியிருக்கும். செல்லூரில் நெய்து வாங்கிய துணியைப் பச்சைச் சாயத்தில் முக்கித் தைத்த கூடாரங்கள், அந்தப் பனிக்குள் மிதப்பது போல நிற்கும். ஹெலிகாப்டருக்கு எங்கே போவது? நாலு பேர் கோணிச்சாக்கை உதறிப் புழுதி கிளப்புவார்கள். நாங்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு வெறும் வானத்தைப் பார்ப்போம். பார்க்கப் பார்க்க, அங்கே ஏதோ வருகிற மாதிரியே இருக்கும்.

படம் எடுத்து முடிந்ததும் மெட்ராஸிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. செலவு ஏற்ற கம்பெனிக்காரர்கள், நகைச்சுவைத் தொடர் என்றால் பின்னால் சிரிப்பொலி கேட்க வேண்டும் என்றார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியாகப் பார்த்துச் சிரித்தோம். சிரித்தோம் என்றா சொன்னேன்? நீங்கள் சிரித்தீர்கள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு முட்டி, மறுபடி வெடிக்கும் உங்கள் சிரிப்பைக் கேட்டுத்தான் நாங்கள் சிரித்தோம்.

அறுவைச் சிகிச்சைக் காட்சி வந்தது. மேசையில் அடிபட்ட சிப்பாய். தையல் போட்டுக்கொண்டே டாக்டர் ஜோக் அடிக்கிறார். நீங்கள் சிரிக்கவில்லை. எங்கள் சிரிப்பும் பாதியில் வற்றிப்போனது.

"என்ன டீச்சர், சிரிங்க," என்றார் டைரக்டர்.

"இல்ல சார். அந்தப் பையன் மேசையில கெடக்கான். டாக்டரு அவன் பயத்தப் போக்கத்தான் பேசுறாரு. நாம சிரிச்சா அவன் தனியாப் போயிருவான்."

"கம்பெனிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"அப்ப மத்த இடத்துல இருக்கிற என் சிரிப்பையும் எடுத்துருங்க."

கோபமாக எழுந்து போன டைரக்டர் வராந்தாவில் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, "நான் பேசிப் பாக்குறேன்," என்றார்.

விளாங்குடியில் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னீர்கள். பட்டாளத்தில் இருந்த உங்கள் தம்பி எல்லையில் அடிபட்டு, இப்படியொரு கூடாரத்தில்தான் இறந்தானாம். அத்தனை வருடம் பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்தும் எனக்குத் தெரியாது. "கடைசியில அவன்கிட்ட யாரு இருந்தாங்களோ. ஒருத்தராவது அவனச் சிரிக்க வச்சிருப்பாங்கன்னு நெனச்சுத்தான் நான் இந்த நாடகத்துக்கே வந்தேன்," என்றீர்கள் ஜன்னலைப் பார்த்தபடி. வெளியே வயல்களில் தண்ணீர் நின்றது. அந்தி வெளிச்சம் நம்மோடு கூடவே வந்தது.

அந்தக் காட்சி ஒளிபரப்பான சாயங்காலம் உங்கள் தெருவே உங்கள் வீட்டில் இருந்தது. சிரிப்பொலி சட்டென்று நின்றதும், எதிர்வீட்டு அண்ணன் எழுந்து டிவி தலையில் ரெண்டு தட்டு தட்டினார். "சத்தம் போயிருச்சு!"

"போகலண்ணே. உக்காருங்க," என்றீர்கள்.

உட்கார்ந்தார். கத்தரிக்கோல் தட்டில் விழும் ஓசையும், டாக்டரின் குரலும் மட்டும். குழந்தைகள்கூட அசையவில்லை. தொடர் முடிந்து எல்லாரும் போன பிறகும் உங்கள் அம்மா இடத்தைவிட்டு எழவில்லை. மகன் போனதிலிருந்து அவன் பேரை எடுக்காத அந்த அம்மா, திடீரென்று என்னைப் பார்த்து, "அவன் சின்னதுல எம்புட்டுச் சேட்டை தெரியுமாடி?" என்றார். வாத்தியார் நாற்காலியில் கருவேல முள் வைத்த கதையைச் சொன்னார். நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். ஹாலில் கேட்ட அதே சிரிப்பு.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, போன வாரம் உங்கள் மகள் வந்திருந்தாள். ஊர் விஷயம் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டாள். பழைய நானாக இருந்தால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அந்த இடத்தை நிரப்பியிருப்பேன். அன்று பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டம்ளரில் காபி ஏடு கட்டியது. பிறகு அவளாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சித்தி, அம்மா ஒருநாள் என்ன செஞ்சாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.