நீ வைத்துவிட்டுப் போன டம்ளர்

என் செல்லத் தங்கச்சிக்கு,

பக்கத்து அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முகம் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆபீஸ் விருந்தில் நீ மயங்கி விழுந்தது களைப்பால் அல்ல, ஜூஸில் யாரோ போதை மாத்திரை கலந்ததால்தான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, "என் தப்புதான்க்கா, டம்ளர வச்சிட்டு வெளிய போயிட்டேன்" என்றே புலம்புகிறாய். புகார் கொடுக்கவும் பயந்தாய். அதனால் பெயர் சொல்லாமல் போலீஸுக்குத் தகவல் தரும் எண்ணுக்கு நானே பேசினேன். "பேரு வேணாம்மா, நடந்தத மட்டும் சொல்லுங்க" என்றார் ஒரு பெண். உன் பெயரையும் சொல்லவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை. நேற்று ஆபீஸில் சோதனை போட்டபோது உன் மேனேஜரின் மேசையில் அதே மாத்திரைகள் சிக்கின. அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏன் வெளியே போனாய் என்று மட்டும் நீ யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? குக்கரில் விசிலே வரவில்லையே என்று கேட்க, அந்த நேரத்தில் உனக்குப் போன் செய்தவள் நான்தானே. என் மனசு நோகக் கூடாதென்று பழியை நீயே சுமக்கிறாய்.

போதும்டி. நான் கூப்பிட்டதும் தப்பில்லை, நீ எழுந்து போனதும் தப்பில்லை. கலந்தவன் அவன்.

கதவைத் திற. நீ வராமல் எனக்கும் சோறு இறங்கவில்லை.

உன் அக்கா