மோஸியின் பெயருக்கு ஒரு பதில்

வாட்டர்ஃபோர்ட்
ஏப்ரல் 1937

அன்பு மகன் டெக்லனுக்கு அம்மா எழுதுவது. தேவமாதா துணையில் அப்பாவும் நானும் உன் தங்கை ஜோஸியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஸ்பெயினில் நீயும் முழுசாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். ஜோஸிக்கு பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. நம் பேக்கரியில்தான் கூட்டமில்லை. நீ அந்தச் சண்டைக்குப் போனதால்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பாலம் தாண்டிப் போய் ரொட்டி வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

நம் பேக்கரியில் உன்னோடு ரொட்டி சுட்டு, உன்னோடு ஒரே கப்பலில் ஏறிய மோஸி சண்டையில் செத்துப்போன செய்தி இங்கே வந்துவிட்டது. அவன் அம்மா கிட்டி பூசை கேட்கச் சாமியாரிடம் போனாள், துணைக்கு நானும் போனேன். கோவிலைக் கொளுத்துறவன் பக்கம் நின்னு செத்தவனுக்கு என் பீடத்துல பூசை கிடையாதும்மா என்றார். அவன் கொளுத்தப் போகல சாமி, ஜனங்க ஓட்டுப் போட்டு வச்ச அரசாங்கத்தக் காப்பாத்தப் போனான் என்றாள் கிட்டி. அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை செத்தவர்கள் பெயரையெல்லாம் அவர் வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் நாங்கள் பதில் ஜெபம் சொல்லி முடித்ததும் கிட்டி எழுந்து நின்றாள். மாரிஸ் ஹெர்ன், என் மகன் என்று மோஸியின் முழுப்பெயரைச் சொன்னாள். கோவிலே குனிந்து தரையைப் பார்த்தது. எனக்கு அழுகைதான் வந்தது. அப்போது உன் அப்பா, நீ போனதிலிருந்து உன் பெயரை எடுக்காதவர், உங்களை எதிர்த்து நிற்கும் படைக்கென்று கோவில் வாசலில் காணிக்கைத் தட்டு வந்தபோது காசு போட்டவர், நித்திய வெளிச்சம் அவன்மேல் பிரகாசிக்கட்டும் என்று சத்தமாகச் சொன்னார். வேறு ஒருவரும் சொல்லவில்லை.

வெளியே வந்து கிட்டி உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீயாவது சொன்னியே மார்ட்டின் என்றாள். பிறகு என்னிடம், டெக்லன் மேல எனக்குக் கோபமில்லன்னு எழுதிடாத பிரைடி, கோபம் இருக்கு, அவன் கூப்பிடாட்டி என் பிள்ளை போயிருக்க மாட்டான், ஆனா அவனாவது திரும்பி வரணும் என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். நீங்கள் போனது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கண்ணு. இரண்டு பேரும் இங்கே ரொட்டி சுட்டுக்கொண்டு இருந்திருக்கலாமே என்று மட்டும் மனசு அடித்துக்கொள்கிறது. அந்த நாட்டு அம்மாக்களும் இப்படித்தான் அடித்துக்கொள்வார்கள்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஈரக் காலுறையோடு படுக்காதே. மோஸியை எங்கே புதைத்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கிட்டிக்கு உன் கையால் எழுது, மறந்துவிடாதே. பூசி மெழுகாதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். உங்க பங்குக்கு என்ன எழுதட்டும் என்றேன். திரும்பி வான்னு மட்டும் எழுதாத, அவன் வரமாட்டான், அப்புறம் அந்தப் பாரத்தையும் சேத்துத் தூக்குவான் என்றார். அதனால் எழுதவில்லை.

உன் தலைமேல் எங்கள் இருவர் கையும் இருப்பதாக நினைத்துக்கொள். கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அம்மா,
பிரைடி