ஸ்கேனில் மட்டும் சிவந்த கண்

ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்கும் முன்பே ஆடிக் காற்று. டிரைவிங் ஸ்கூல் கார் முழுக்கப் புழுதி. இரண்டு தடவை துடைத்தேன், வீண்.

மதியம் வகுப்பு இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பவர் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். ஏறவில்லை, அதே மைனஸ் ஆறு. பரிசோதனை செய்கிற பெண் கேட்டாள், வீட்டில் யாருக்காவது கண் நோய் உண்டா என்று. அப்பாவுக்கு கிளாக்கோமா, கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு கெடுகிற நோய் என்றேன்.

"அப்ப ஸ்கேன் ஒன்னு எடுத்துருவோம்க்கா. புது மெஷின். உள்ள இருக்க நரம்பைக் காட்டும்."

தாடையை வைத்து உட்கார்ந்தேன். பச்சைக் கோடு ஒன்று ஓடியது. முடிந்தது. திரையில் வட்டம் வட்டமாக நிறம். பச்சை என்றால் நரம்பு நன்றாக இருக்கிறது, மஞ்சள் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் மெலிந்துவிட்டது. எனக்கு இரண்டு கண்ணிலும் சிவப்பு.

"கிளாக்கோமாவா இருக்கலாம்க்கா. நான் டாக்டர் இல்ல, உறுதியாச் சொல்ல மாட்டேன். தள்ளிப் போடாமக் காட்டிருங்க."

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம். பால் வாங்கவில்லை. அப்பாவின் சொட்டு மருந்தும் வாங்கவில்லை.

ஜூலை 7, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. விழித்ததும் ஒரு கண்ணை மூடி ஃபேனைப் பார்த்தேன். பிறகு மறு கண்ணை. எல்லாம் தெரிகிறது. அப்பாவுக்கும் அப்படித்தான் எல்லாம் தெரிந்தது.

அப்பா அப்போது வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர். நேராக இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாமல் போனது. நிற்கிறவர்கள் மேலெல்லாம் இடித்தார். குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று புகார். வாழ்நாளில் தொடாத மனுஷன். காட்டப் போனபோது இடது கண் முழுசாகப் போயிருந்தது. வலதில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் மிச்சம். அதற்குத்தான் இன்னமும் மருந்து.

பாத்திமா அக்காவுக்கு இன்று வகுப்பு. மகளைக் கட்டிக்கொடுத்து, பேரன் பார்த்து, இப்போதுதான் கார் பழக வந்திருக்கிறார். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழனி ரோட்டில் மிதித்தேன். திருப்பத்தில் மிதித்தேன். பாலத்தில் மிதித்தேன்.

"ஏன் டீச்சர், ரோட்டுல ஒரு ஆடுகூட இல்ல. நீங்க பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்கீங்க?"

"சும்மாதான்க்கா. ஓட்டுங்க."

இந்த வேலையை விட்டால் எனக்கு என்ன தெரியும்?

ஜூலை 8, புதன்

இவரிடம் சொன்னேன். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சட்டைப் பொத்தானைப் போடாமல் அப்படியே நின்றார். "மாமாவுக்குத் தெரியுமா?" தெரியாது. அப்பாவுக்குத் தெரியவும் கூடாது.

ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். கண்ணில் மருந்து ஊற்றுவார்கள், வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். இவருக்கு லீவு இல்லை. தம்பி முருகேசனுக்குப் போன் போட்டேன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டியில் இருக்கிறான்.

"வாரேன்க்கா. கேரளா லோடை ஏத்திவிட்டுட்டு மொத பஸ்ஸைப் பிடிக்கிறேன். நீ அழுவாத."

நான் அழவே இல்லை. அவன் சொன்ன பிறகுதான்.

ஜூலை 10, வெள்ளி

நீண்ட நாள். எழுதிவிட வேண்டும்.

தம்பி மு. சொன்னபடி வந்தான். சட்டையெல்லாம் வெங்காய வாசம். ஆஸ்பத்திரியில் கண் பிரஷர் பார்த்தார்கள், நார்மல். அடுத்து பக்கப் பார்வைக்கு ஒரு சோதனை. கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் தலை. நடுவிலேயே பார்க்க வேண்டும். ஓரத்தில் சின்ன வெளிச்சம் மினுக்கினால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் அமுக்கு அமுக்கு என்று அமுக்கினேன். நர்ஸ் நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் அமுக்குறீங்க. இதை வச்சு ஒன்னும் சொல்ல முடியாது. செத்த நேரம் வெளிய உக்காந்து தண்ணி குடிச்சிட்டு வாங்க."

மு. சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு. மறுபடி செய்தபோது நிதானமாக இருந்தேன்.

பிறகு மருந்து ஊற்றி, டாக்டரம்மா விளக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கடைக்காரப் பெண் கொடுத்த ஸ்கேனையும், இங்கே எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இங்கேயும் அதே சிவப்பு.

"பயப்படாதீங்க. உங்களுக்கு கிளாக்கோமா இல்ல."

"சிவப்பா இருக்கே டாக்டர்?"

"மெஷின் உங்க கண்ண மத்தவங்க கண்ணோட ஒப்பிட்டுப் பாக்குது. அவங்கள்ல உங்க அளவுக்கு பவர் உள்ளவங்க அதிகம் இல்ல. மைனஸ் ஆறுன்னா கண்ணு உருண்டையா இல்லாம கொஞ்சம் நீளமா இருக்கும். அதனால நரம்பு வழக்கமான இடத்த விட்டுத் தள்ளிப் போயிருக்கு. எப்பவும் இருக்கற இடத்துல மெஷின் தேடிருக்கு. அங்க தடிமன் கம்மி, சிவப்பு போட்டுருச்சு. பக்கத்துல பாருங்க, இங்க நல்லா தடியா இருக்கு."

விரலால் காட்டினார். மருந்து ஊற்றிய கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் பார்த்தேன் என்று தலையாட்டினேன். பக்கப் பார்வையும் சரி, பிரஷரும் சரி, நரம்பும் பார்க்க நன்றாக இருக்கிறது. மருந்து வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை வந்து இந்த ஸ்கேனோடு ஒப்பிட்டால் போதும்.

கும்பிட்டேன். வேறு என்ன செய்ய?

எழுந்தபோது அவர் கேட்டார், "அப்பாவுக்கு இருக்குன்னீங்க. கூடப் பொறந்தவங்க பாத்துருக்காங்களா?"

"எனக்கெல்லாம் கண்ணாடியே கெடையாதுங்க டாக்டர். கழுகுக் கண்ணு," என்றான் மு.

"வந்தது வந்துட்டீங்க. பிரஷர் மட்டும் பாத்துட்டுப் போங்க."

பார்த்தார்கள். திரும்பவும் பார்த்தார்கள். அவனுக்கு அதிகம். பிறகு நான் செய்த சோதனைகள் எல்லாம் அவனுக்கு. நான் வெளியே பெஞ்சில். கலங்கின கண்ணுடன் கதவையே பார்த்துக்கொண்டு.

அவனுக்கு இருக்கிறது. ஆரம்பம்தான். வலது கண்ணில் ஓரத்தில் மட்டும் லேசாகக் குறைவு.

"போனது திரும்பாது. ஆனா போனது ரொம்பக் கொஞ்சம். தெனமும் மருந்து ஊத்துனா இருக்கறதக் காப்பாத்தலாம். நல்ல நேரத்துல வந்துருக்கீங்க," என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு இரண்டு பேரும், கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி.

ஜூலை 11, சனி

மு. தானே அப்பாவிடம் சொல்லிவிட்டான். நான் அடுப்படியில்.

அப்பா குரல் கேட்டது. "என் சீக்கு என்னோட போயிரும்னு இருந்தேன் அப்பு. ஒனக்குக் குடுத்துட்டேனே."

"நீங்க எங்கப்பா குடுத்தீங்க? உங்களுக்கு இருக்கப் போயித்தான் நேத்து டாக்டரம்மா கேட்டாங்க. இல்லாட்டி நான் என் கண்ணக் காட்டியிருக்கவே மாட்டேன்."

அப்பா சாப்பிடவில்லை. மோர் மட்டும்.

ஜூலை 13, திங்கள்

காற்று குறைந்திருக்கிறது. பாத்திமா அக்கா பழனி ரோட்டில் மூன்றாவது கியர் வரை போனார். நான் காலை மடக்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கண்ணாடிக் கடை. ஒரு முழம் மல்லிகை வாங்கிப் போனேன். அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது.

"ஐயோ, ஒங்கள வீணாப் பயமுறுத்திட்டேனேக்கா."

"ஆமா, நாலு நாள் செத்துப் பொழச்சேன்," என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "ஆனா நீ சொல்லலைன்னா நான் போயிருக்க மாட்டேன். எந்தம்பியும் வந்திருக்க மாட்டான்."

பூவை அங்கேயே வைத்துக்கொண்டாள். அதிக பவர் உள்ளவர்களுக்குச் சிவப்பு வந்தால் இனி பதறாமல் சொல்லப் போவதாகச் சொன்னாள். ஆனால் சொல்லாமல் விடமாட்டாளாம். அதுதான் சரி.

புதுக் கண்ணாடிக்கு ஆர்டர். ஃபிரேம் கருநீலம்.

ஜூலை 16, வியாழன்

லேசான தூறல். துணி காயவில்லை. தாலுகா ஆபீஸ் வேலை ஒன்று பாக்கி.

என் கண்ணால் இதை எழுதுகிறேன், அதைத் திரும்பப் படிக்கவும் முடிகிறது. போன வாரம் வரை இது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

அப்பா சனிக்கிழமையிலிருந்து பேருக்குத்தான் சாப்பிடுகிறார். இன்று ராத்திரியும் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அப்போது போன். மு. பின்னால் லாரி சத்தம், யாரோ தக்காளிப் பெட்டியை எண்ணுகிற சத்தம்.

"அக்கா, மருந்து ஊத்திட்டேன். எரியுது. லோடு நிக்குது, வச்சிரவா?"

"வைடா."

"என்ன சொல்றான்?" என்றார் அப்பா.

"ஊத்திட்டானாம்ப்பா."

அப்பா பிசைந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டார். பிறகு தட்டை என் பக்கம் நீட்டினார்.

"தொட்டுக்க வெஞ்சனம் என்ன வச்சிருக்க? சோறு இன்னும் ரெண்டு கரண்டி போடு."