மீன் நிறுத்திய நாற்பத்தாறு நாள்

12.6.2024
மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டே நாள். மல்லிப்பட்டினத்தில் எல்லாப் படகிலும் ஐஸ் ஏறுகிறது. என் வீட்டுக்காரர் மனோகரன் வலை ஊசியைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறார். வலது கை தானாக நடுங்குகிறது. கேட்டால், "மரத்துப்போச்சு." எட்டு மாதமாக இதே பொய்.

19.6
தஞ்சாவூரில் நரம்பு டாக்டரம்மாவைப் பார்த்தோம். பார்க்கின்சன். "மூளை செல்லுக்குள்ள ஒரு புரதம் கட்டி கட்டியா சேருது. அதுல செல் செத்துப்போகுது. செத்தது திரும்ப வராதும்மா." கை நடுங்கத் தொடங்கும்போதே பாதிக்கு மேல் போயிருக்குமாம். இவர் கேட்டது ஒன்றுதான்: "கடலுக்குப் போலாமா?" டாக்டர் குனிந்து மாத்திரை எழுதினார்.

20.6
புரதம்! அங்கன்வாடியில் பதினாறு வருடமாகத் தாய்மார்களுக்கு நான் ஒப்பிக்கிற பாடம் — மீன், முட்டை, பருப்பு. அதுவா இவர் தலைக்குள் கட்டிப்போகிறது? மூன்று வேளையும் மீன் தின்ற மனிதர். இன்றிலிருந்து மீன், முட்டை, பருப்பு மூன்றும் கிடையாது. ரசம் சோறு, பூசணிக்காய். டாக்டரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? எனக்குத் தெரியாததா?

4.7
சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். பத்தியம் பலிக்கிறது.

13.7
கொழுந்தன் வைத்தியலிங்கம் கொடுவா மீன் கொண்டுவந்தார். வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். "மீன் போடாம இது என்ன வைத்தியம் அண்ணி?" என்று கத்திவிட்டுப் போனார். இவர் ரசம் சோற்றையே சாப்பிட்டார்.

2.8
கிணற்றடியில் விழுந்துவிட்டார். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளை நிறுக்கும் எடை மெஷினில் அவரை ஏற்றினேன். ஐம்பத்தொன்று. ஜூனில் ஐம்பத்தெட்டு.

5.8
தஞ்சாவூர் டாக்டரம்மாவிடம் பத்தியத்தைச் சொன்னேன். "சாப்பாட்டுப் புரதம் வேற, மூளைல கட்டுறது வேறம்மா. அது மூளை செல்லே உண்டாக்குறது, வடிவம் மாறிக் கட்டிப்போகுது. மாத்திரையோட சேர்த்து மீன் சாப்பிட்டா மாத்திரை உடம்புல சரியா ஏறாது, அவ்வளவுதான். மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழிச்சு நல்லா சாப்பிடட்டும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என்ன காரியம் பண்ணிட்டேன் — ஊருக்கெல்லாம் ஊட்டச்சத்து சொல்றவ, கட்டினவரைப் பட்டினி போட்டிருக்கேன்.

பஸ்ஸில் கேட்டேன். "நீங்களாவது ஒரு நாள் மீன் வேணும்னு கேட்டிருக்கலாமே?"

"நீ படிச்சவ. சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

18.8
இனிக் கடலுக்குப் போவதில்லை என்று படகைத் தம்பி வைத்தியலிங்கத்திடமே விட்டுவிட்டார். எடை ஐம்பத்திரண்டரை.

பதினொன்றரைக்கு மாத்திரை. பன்னிரண்டுக்குக் கொடுவாக் குழம்பு. முள்ளை நான் எடுத்துக் கொடுத்தேன். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து, "நீயும்தான் இத்தனை நாள் மீன் தின்னல" என்றார். கவனித்திருக்கிறார்.

ஒரு துண்டை எடுத்து என் தட்டுக்குக் கொண்டுவந்தார். கை நடுங்கிப் பாதி வழியில் விழுந்தது. நான் எடுக்கப் போனேன். "இரு" என்று சொல்லிவிட்டு, அவரே மறுபடியும் எடுத்தார்.